வள்ளத்தில் இடம், கிணற்றில் தண்ணீர்: தீவுப்பகுதிக்குப் போகிறவர்களுக்கு

நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா என்று யாழ்ப்பாணம் வருகிறவர்கள் பலரும் கேட்கிறார்கள். முடிக்கலாம். காலை வள்ளத்தில் நெடுந்தீவு, அங்கே இரண்டு மூன்று மணி நேரம் ஆட்டோவில் ஓட்டம், பின்னேர வள்ளத்தில் குறிகட்டுவான் துறை, அங்கிருந்தே நயினாதீவு, இருட்டுமுன் யாழ்ப்பாணம். வாகனம் பிடித்துத் தருகிறவர்கள் இப்படித்தான் திட்டம் போட்டுத் தருவார்கள். இந்த நூல் அதைப் பரிந்துரைக்கவில்லை. அப்படிப் போனால் நெடுந்தீவுக் குதிரையையும் பெருக்கமரத்தையும் உங்கள் போனில் கொண்டு வரலாம். தீவில் இருக்கிறவர்களுக்கு உங்களால் மிஞ்சுவது தூசியும் வெறும் போத்தலும்தான்.

தீவுகளில் எல்லாமே எண்ணிக்கையில் நிற்கிறது. நாளுக்கு இத்தனை வள்ளம், வள்ளத்தில் இத்தனை பேர், கிணற்றில் இவ்வளவு நல்ல தண்ணீர், மின்பிறப்பாக்கிக்கு இவ்வளவு டீசல். வெளியாள் ஒருவர் வந்திறங்கினால் அந்தக் கணக்கில் ஒரு பங்கு அவருக்குப் போகிறது. டென்மார்க் ஆட்சிக்குட்பட்ட பரோ தீவுகளில் 2019 ஏப்ரலில் ஒரு வார இறுதி முழுவதும் பேர்பெற்ற இடங்கள் சிலவற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிட்டு, நூறு தன்னார்வலர்களை வரவழைத்து நடைபாதைகளைச் செப்பனிட்டார்கள். அங்கே சுற்றுலாச் சபை முன்னின்று செய்தது. இங்கே அப்படி முன்னிற்க ஆளில்லாதபடியால் கணக்கை வருகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறிகட்டுவான் வரை

யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் குறிகட்டுவான் போகிறது. பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, அங்கிருந்து கடலுக்கு நடுவே வாணர் பாலம், பிறகு புங்குடுதீவு. ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரம் எடுக்கும். சொந்த வாகனம் இருந்தாலும் ஒருமுறை இந்த பஸ்ஸில் போங்கள். மீன் பெட்டி, சீமெந்துப் பை, யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி கிளினிக் கொப்பியோடு திரும்பும் வயதானவர்கள் என்று தீவுக்குள் போவதெல்லாம் இதில்தான் போகிறது. முன் இருக்கைகளை அவர்களுக்கு விடுங்கள்.

பண்ணைப் பாலத்தின் இரு பக்கமும் ஆழமில்லாக் கடல். மாரி காலத்தில் பூநாரைகள் நிற்கும். வாகனத்தை விட்டு இறங்கி அவற்றை நோக்கி நடக்க வேண்டாம்.

வேலணையும் புங்குடுதீவும் வந்ததும் கூரையில்லாத வீடுகள் கண்ணில் படத் தொடங்கும். 1990க்குப் பிறகு, இராணுவ நடவடிக்கையோடு, தீவுப்பகுதிச் சனம் பெருமளவில் வெளியேறியது. பலர் திரும்பவில்லை. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சுவிஸிலும் பிள்ளைகள் வளர்ந்து பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். தூண் வைத்த திண்ணை, உள்ளே வளர்ந்த ஆலங்கன்று, கதவில்லாத நிலை: படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீட்டுக்கு உறுதி இருக்கிறது, உரிமையாளர் இருக்கிறார், பெரும்பாலும் பக்கத்து வளவிலேயே ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ அதைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறார். உள்ளே நுழையாதீர்கள். தெருவில் நின்று எடுப்பதானாலும் யாராவது வெளியே வந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ தொகுப்பைப் போகுமுன் வாசித்திருந்தால் அந்த வீடுகளுக்கு முன்னால் என்ன செய்யக்கூடாது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வள்ளம்

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவு ஏறக்குறைய ஒரு மணி நேரம். நெடுந்தீவுக்குக் குமுதினி, வடதாரகை என்ற பொதுப் படகுகளும் தனியார் வள்ளங்களும் ஓடுகின்றன. நேர அட்டவணையை இங்கே அச்சிட்டுத் தருவதில் பயனில்லை. காற்றுக்கும் திருத்த வேலைக்கும் ஏற்ப அது மாறும். முதல் நாளே தொலைபேசியில் கேளுங்கள், துறையில் இறங்கியதும் மறுபடி கேளுங்கள்.

“அண்ணை, கடைசி வள்ளம் எத்தினை மணிக்கு?”

“காத்தில்லாட்டி மூண்டு மணி. காத்தெண்டால் சொல்லேலாது.”

இதுதான் முழு அட்டவணை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோழகம் அடிக்கும். நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி முதல் வாடையும் மழையும். மாசியிலிருந்து சித்திரை வரைதான் கடல் பெரும்பாலும் அமைதி. குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் அந்த மாதங்களைப் பாருங்கள்.

காலை வள்ளம் நெடுந்தீவிலிருந்து வரும்போது ஆசிரியர்களும் நோயாளிகளும் அலுவலகத்துக்கு அலைகிறவர்களும் வருவார்கள். பின்னேரம் அவர்களே திரும்புவார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. கூட்டம் கூடினால் நீங்கள் அடுத்த வள்ளத்துக்கு நில்லுங்கள். பத்துப் பேருக்கு மேல் குழுவாகப் போவதென்றால் பொதுப் படகை நிரப்பாமல் தனியாக ஒரு வள்ளம் பேசிக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கியைச் சூடென்று கழற்றி மடியில் வைக்காதீர்கள்.

குமுதினியில் ஏறுகிறவர்கள் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1985 மே 15 அன்று இதே பெயர்ப் படகில் நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள், கைக்குழந்தை உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குறைந்தது 23 பேர். ஊரார் சொல்லும் தொகை அதைவிடக் கூட. ஆண்டுதோறும் அந்த நாளை நெடுந்தீவு நினைவுகூருகிறது. அன்றைக்குப் போக நேர்ந்தால் ஓரமாக நின்று அஞ்சலி செலுத்துங்கள். மற்ற நாட்களில், பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் “நீங்கள் அப்ப இருந்தனீங்களா?” என்று தொடங்காதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

ஏற இறங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு

சக்கர நாற்காலியோடு, ஊன்றுகோலோடு, முழங்கால் வலியோடு வருகிறவர்களிடம் ஒளித்துச் சொல்லிப் பயனில்லை. இந்தத் துறைகளில் ஏறுவது கடினம். வள்ளங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும். மூன்றாவதில் ஏற முதல் இரண்டின் விளிம்பையும் கடக்க வேண்டும். அலைக்கு விளிம்பு ஏறும், இறங்கும். நயினாதீவு வள்ளங்கள் பலவற்றில் குனிந்து, நாலைந்து செங்குத்துப் படி இறங்கி, கீழ்த்தட்டில் பக்கவாட்டு வாங்கில் உட்கார வேண்டும். நடுவே இயந்திரம், டீசல் மணம், தலைக்கு மேல் ஒரு சாண் இடம்.

கை கொடுக்க ஆட்கள் உண்டு. வள்ளத்துப் பெடியன் ஒரு காலைத் துறையிலும் மற்றதை வள்ளத்திலும் ஊன்றி நிற்பான்: “கையைத் தாங்கோ அம்மா. அலை இறங்கட்டும்… இப்ப வையுங்கோ.” அந்த “இப்ப” வரும்வரை காலைத் தூக்காதீர்கள். கடலை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் காலை மட்டும் பார்த்தால் போதும். சக்கர நாற்காலியில் இருப்பவரைத் தூக்கி ஏற்றுவதானால் எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக்கூடாது என்று அவரே முதலில் சொல்லிவிடட்டும். நல்ல மனதோடுதான் தூக்குவார்கள், ஆனால் கேட்காமலே தூக்கிவிடுவார்கள். மடிக்கக்கூடிய, கையால் தள்ளும் நாற்காலியே நல்லது. மின்கல நாற்காலியின் பாரத்தை இரண்டு விளிம்பு தாண்டிக் கொண்டுபோக முடியாது. தனி வள்ளம் பேசினால் துறையோடு நேரே அணைத்து நிறுத்தச் சொல்லலாம். வேறு யாருக்கும் தனி வள்ளத்தைச் சொல்லாத இந்த அத்தியாயம், குழுக்களுக்கு அடுத்தபடியாக இவர்களுக்கு மட்டும் அதைச் சொல்கிறது.

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொது இடங்களில் அணுகுவசதி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐ.நா. உடன்படிக்கையை நாடு 2016இல் ஏற்றுறுதி செய்தது. இறங்குதுறைப் படிக்கு இவை இன்னும் வந்துசேரவில்லை. இதைச் சுற்றுலா வசதிக் குறைபாடு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது தவறு. பிரசவத்துக்குப் போகிற நெடுந்தீவுப் பெண்ணும், பக்கவாதம் வந்த நயினாதீவு ஐயாவும், போரில் கால் இழந்து செயற்கைக் காலோடு நடப்பவரும் இதே விளிம்பைத்தான் தாண்டுகிறார்கள், அதுவும் நல்ல காலநிலை பார்த்துப் போகும் வசதியில்லாமல். ஒரு சாய்தளமும் மிதக்கும் மேடையும் வந்தால் முதலில் பயன்படுவது அவர்களுக்கு. ஆகவே துறையில் நீங்கள் பட்ட கஷ்டத்தை வெறும் இணைய மதிப்புரையாக எழுதாமல், பிரதேச செயலகத்துக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் கடிதமாக எழுதுங்கள். தமிழில் எழுதினாலே போதும்.

தண்ணீர்

தீவுகள் சுண்ணாம்புக் கல்லில் நிற்கின்றன. ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை கல்லின் வெடிப்புகளால் கீழே இறங்கி, உள்ளே கசிந்திருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். நன்னீர் பாரம் குறைந்தது, அதனால் மேலே நிற்கிறது. வாளியால் மெல்ல அள்ளினால் ஆண்டு முழுக்கத் தாக்குப்பிடிக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். ஒருமுறை சவராகிவிட்ட கிணறு இனிக்க அடுத்த மாரி போதாது. வேலணை சாட்டியிலும் நெடுந்தீவு சாராப்பிட்டியிலும் இருக்கும் நல்ல தண்ணீர்க் கிணறுகளுக்கு ஊரில் இருக்கும் மதிப்பு அதனால்தான். இப்போது சவர்நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களும் வந்திருக்கின்றன. ஆனாலும் ஆடி ஆவணியில் குடத்தோடு காத்திருக்கும் வரிசை முற்றாக மறையவில்லை.

யார் அள்ளலாம் என்பதும் இங்கே ஒரு காலத்தில் சண்டை. புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோவில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினரை அள்ளவிடாததை எதிர்த்து 1971இல் எழுத்தாளர் மு. தளையசிங்கம் போராடினார், பொலிஸாரிடம் அடிபட்டார். 1973இல், நாற்பது வயதாகுமுன், இறந்துபோனார். ஒரு வாளி தண்ணீருக்கு இந்தத் தீவுகளில் எவ்வளவு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு விருந்தினர் விடுதியில் அரை மணி நேரம் ஷவரில் நிற்க மனம் வராது.

ஆளுக்கு இரண்டு மூன்று லீற்றர் குடிநீரை யாழ்ப்பாணத்திலிருந்தே, திரும்ப நிரப்பக்கூடிய போத்தலில் கொண்டு போங்கள். குளிப்பதைத் தலைக்கு ஒரு வாளியோடு நிறுத்துங்கள். கடலில் குளித்துவிட்டு உப்புக் கழுவ யாருடைய கிணற்றடிக்கும் கேட்காமல் போகாதீர்கள். கிணற்றடியில் பெண்கள் நின்றால் ஆண்கள் தூரத்திலேயே நின்றுகொள்ளுங்கள். கமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். பிளாஸ்ரிக் போத்தல், சொக்லற் உறை, குழந்தைகளின் நாப்கின் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி யாழ்ப்பாணத்துக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள். தீவில் குப்பை போட இடமில்லை. எரிப்பார்கள் அல்லது காற்றுக் கடலுக்குக் கொண்டுபோகும்.

மின்சாரமும் அப்படித்தான். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையோடு இணைக்கப்படாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளில் ஓடிவந்தவை. சூரியசக்தி, காற்று, மின்கலம் மூன்றையும் சேர்த்த அமைப்புகளை இந்த மூன்று தீவிலும் இந்திய நன்கொடையில் நிறுவ 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. இதே திட்டம் முதலில் சீன நிறுவனமொன்றுக்குப் போய், பிறகு கைமாறிய கதையைத் தேத்தண்ணிக் கடையில் நீங்களே கேட்டுக்கொள்ளலாம். டீசலும் கடலால்தான் வரவேண்டும் என்பதை நினைத்துக் குளிரூட்டி கேட்காமல் மின்விசிறியோடு படுங்கள்.

நெடுந்தீவில்

மாவலித் துறையில் இறங்கினதும் ஆட்டோக்காரர்கள் வருவார்கள். விலையை ஏறுமுன் பேசுங்கள், பேசிய பிறகு குறைக்காதீர்கள். முதுகுவலிக்காரர்களுக்கு இந்தத் தெருக்கள் பொருந்தாது, பல இடங்களில் கல்லும் குழியும்தான். முடிந்தவர்கள் சைக்கிள் எடுங்கள். தீவு தட்டையானது. வெயிலும் எதிர்க்காற்றும்தான் தொல்லை.

ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள்: நயினாதீவு ஹார்லெம், காரைநகர் ஆம்ஸ்டர்டாம். டெல்ஃப்ற் மட்டும் இங்கே ஒட்டிக்கொண்டது. அவர்கள் விட்டுப்போன கோட்டை, புறாக்கூடு, பழைய கட்டிட இடிபாடுகளை ஆட்டோக்காரரே வரிசையாகக் காட்டுவார். அவற்றைவிட அதிக நேரம் நின்று பார்க்க வேண்டியவை ஊர் வளவுகளின் கல்வேலிகள். கடலிலிருந்து வந்த முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் சுருள் சுருளாக, நட்சத்திரம் நட்சத்திரமாகப் பழைய உயிர்களின் தடம். இடைவெளியால் காற்றுப் புகுந்து போவதால் சோழகத்துக்கும் வேலி விழாது. ஆடு பாய்ந்து ஒரு கல் விழுந்தால் வீட்டுக்காரர் எடுத்துப் பொருந்தும் இடம் தேடி வைப்பார். ஏறி உட்கார்ந்து படம் எடுத்தால் பத்துக் கல் விழும். ஒரு துண்டைக்கூட நினைவுக்கென்று பையில் போடாதீர்கள்.

குதிரைகள் தெற்கு வெளியில் மேயும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்து, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி மேற்பார்த்த பண்ணைகளின் மிச்சம் இவை. 2015இல் தீவின் 1,846 ஹெக்டேர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கடுங்கோடையில் தண்ணீரில்லாமல் குதிரைகள் செத்த ஆண்டுகள் உண்டு. ஆகவே கோடையில் அவை ஒரு குட்டையடியில் நின்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம். விரட்டினால் தண்ணீர் குடிக்காமல் ஓடும். “குதிரை ஓடுறதை எடுக்கவேணும், கிட்டக் கொண்டுபோங்கோ” என்று ஆட்டோத் தம்பியைக் கேட்பவர்கள்தான் அதிகம். அவர் மறுக்கமாட்டார், வாடிக்கையாளர் நீங்கள். நீங்கள்தான் “தூரத்திலேயே நிப்பாட்டுங்கோ தம்பி” என்று சொல்ல வேண்டும். பாணோ பிஸ்கற்றோ போட வேண்டாம்.

பெருக்கமரத்தின் பொந்துக்குள் நுழையலாம். பட்டையில் பெயர் செதுக்கியவர்கள் போதும்.

ஓர் இரவாவது தங்குங்கள். வீட்டோடு சேர்ந்த சிறு தங்குமிடங்கள் இருக்கின்றன. சாப்பாடு முதல் நாளே சொல்லி வைத்தால்தான் உண்டு: அன்றைக்கு விழுந்த மீன், புட்டு, கேட்டால் ஒடியல் கூழ், மாட்டுக்குப் பேர்போன தீவாகையால் நல்ல தயிர். வீட்டுக்கார அக்கா கணக்குச் சொல்லத் தயங்குவார், “பாத்துத் தாங்கோ” என்பார். பார்த்துக் கொடுப்பதென்றால் யாழ்ப்பாண நகரக் கடை விலைக்குக் குறையாமல் கொடுப்பது, காரணம் அரிசியும் காஸும் இங்கே கடல் கூலி சேர்த்துத்தான் வருகின்றன. நீத்துப்பெட்டி, கடகம், பனங்கட்டிக் குட்டான் போன்றவற்றைச் செய்கிறவரிடமே வாங்குங்கள்.

நயினாதீவில்

நாகபூசணி அம்மன் கோவிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில், நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. புத்தர் இங்கே வந்து மணியாசனத்துக்காகச் சண்டையிட்ட நாக அரசர் இருவரைச் சமாதானப்படுத்தினார் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. ‘மணிமேகலை’யில் வரும் மணிபல்லவம் இதுதான் என்று சொல்லும் தமிழ் அறிஞர்களும் உண்டு. எது யாருக்கு முந்தியது என்ற வாதத்தை அங்கே வைத்துத் தொடங்காதீர்கள். தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறவர்களில் பெரும்பாலோர் அம்மனையும் கும்பிட்டுவிட்டே வள்ளம் ஏறுகிறார்கள்.

கோவிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். விகாரைக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக்கூடாது. இரண்டிலும் செருப்பில்லை. மத்தியான மணல் கொதிக்கும், முதியவர்களைக் காலை ஒன்பதுக்கு முன் கூட்டிப்போங்கள். கோவிலடியிலும் விகாரையடியிலும் வள்ளம் நிற்கும். நடக்கக் கஷ்டமானவர்கள் எங்கே இறங்க வேண்டுமென்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு யாருக்கும் உண்டு. இலையில் மிச்சம் வைக்காதீர்கள், உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள். மதுவும் மச்சமும் தீவுக்குக் கொண்டு போக வேண்டாம். ஆனி மாதத் திருவிழாவின் பதினைந்து பதினாறு நாளும் போயா நாட்களும் கூட்ட நாட்கள். திருவிழா பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் போங்கள். ஊர் பார்க்க வேறு நாள் தேடுங்கள்.

ஊர்காவற்துறை

வள்ளம் ஏறவே முடியாதவர்களுக்கும் தீவுப்பகுதி உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்துறைக்கு முழுத் தெருவாலும் போகலாம். வழியில் சாட்டிக் கடற்கரை. பழைய துறைமுகப் பட்டினத்தின் மிச்சங்கள். கடலுக்கு நடுவே ஹமன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிற்காலத்தில் சிறையாகவும் இருந்த அந்தக் கோட்டையில் இப்போது கடற்படை விடுதி நடத்துகிறது. தங்குவது உங்கள் முடிவு. ஊர் வீடொன்றில் தங்கினால் காசு ஊருக்குள் நிற்கும் என்பதை மட்டும் இந்த நூல் சொல்லும். கடற்படை முகாம்களைப் படம் எடுக்கவோ அனுமதியில்லாமல் ட்ரோன் விடவோ வேண்டாம்.

ஊர்காவற்துறைத் துறையிலிருந்து அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகு போகும். அங்கே பார்வையிடும் இடம் என்று எதுவுமில்லை. உறவோ அழைப்போ இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் அந்தப் படகில் ஓர் இடத்தை நிரப்ப வேண்டாம்.

எதிர்க்கரை காரைநகர். இரண்டுக்கும் நடுவே ஓடும் தட்டையான மிதவையை ஊரில் ‘பாதை’ என்பார்கள். ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றும். படியில்லாத தட்டு என்பதால் சக்கர நாற்காலிக்கு இந்தக் கடலில் மிகச் சுலபமான ஏற்றம் இதுதான். அடிக்கடி பழுதாகும், ஆகவே ஓடுகிறதா என்று காலையிலேயே விசாரியுங்கள். ஓடாவிட்டால் யாழ்ப்பாணம் திரும்பித்தான் சுற்ற வேண்டும். காரைநகரில் நோர்வே உதவியோடு 1960களில் தொடங்கிய சீநோர் படகுத் தொழிற்சாலை இருக்கிறது. இன்று வடக்குக் கடலில் ஓடும் பைபர் படகுகளின் கதையில் அதற்கு ஒரு பங்குண்டு. கசூரினாக் கடற்கரை கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லாதது, குழந்தைகளுக்கும் நீந்தத் தெரியாதவர்களுக்கும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவிருங்கள். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் பொன்னாலைப் பாலத்தால் வரும். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பஸ் குறைவு, ஐந்துக்கே தெருவில் வந்து நில்லுங்கள்.